நிலையாமை இன்மையாகுமா?

ஒரு சொல் பொருள் திரிந்து வழங்குமாயின், அதனாற் கேடுறுவது மொழி மட்டுமன்று, ஒழுக்கமுமாம். "நிலையாமை" அத்தகைய சொற்களுள் ஒன்று. உலகம் நிலையாதெனவே, அது பொய்யெனக் கொண்டு பேசுவார் இக்காலத்தும் பலர். அக்கோள் பொருந்துமாவென ஆராய்வாம்.

நிலைத்தல் என்னும் வினையின் எதிர்மறைத் தொழிற்பெயர் நிலையாமை. அஃது ஒரு பொருள் நிற்றலை மறுப்பதன்றி, அப்பொருளின் உண்மையை மறுப்பதன்று. முயற்கோட்டை நிலையாதென்பார் யாருமிலர், இல்லையென்றே கூறுவர். உள்ளதொன்றே நிலையாதெனப்படும்.

திருக்குறளின் 34ஆம் அதிகாரம் நிலையாமை. அதன் முகப்பிற் பரிமேலழகர், பொருள்களைப் பொய்யென்பாரும், கணந்தோறும் பிறந்திறக்குமென்பாரும், நிலையுதலும் நிலையாமையும் ஒருங்குடையவென்பாருமென முத்திறத்தாரைக் காட்டி, அவரெல்லார்க்கும் நிலையாமை உடம்பாடென்றார். பொய்யெனல் ஒருசாரார் கொள்கை. நிலையாமையோ அனைவர்க்கும் பொது. ஆகலின் இரண்டும் ஒன்றாதல் யாங்ஙனம்?

திருமந்திரம் இதனினுந் தெளிவு தரும். நாலடியாரிற் செல்வம், இளமை, யாக்கை என்னும் மூன்றன் நிலையாமையே தொடக்கத்துக் கூறப்பட்டது. திருமந்திர முதற்றந்திரமோ உயிர் நிலையாமையையும் உடன் ஓதிற்று. பதியைப்போலப் பசுவும் பாசமும் அனாதியென்ற திருமூலர், உயிரைப் பொய்யென்றாரெனின் தம்மொழியைத் தாமே மறுத்தாராவர். ஆதலின் உயிர் நிலையாமையாவது, உயிர் தான் எடுத்த உடம்பின்கண் நில்லாது பெயர்தலேயாம். சிவஞானபோத முதற்சூத்திரத்தின் துணிபும் இதற்கு அரணாகும். உலகம் தோன்றி நின்று ஒடுங்கும்; ஒடுங்கியது மாயையினின்று மீளத் தோன்றும்; இல்லது ஒருகாலுந் தோன்றாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் அமைவதன்று. வடசென்னையிற் கொசத்தலையாற்றை அடுத்த சடையங்குப்பத்தை நோக்குக. பூண்டி நீர்த்தேக்கத்தின் மிகைநீர் ஆற்றிற் பெருகிவருங்கால், தாழ்ந்த அந்நிலம் பலமுறை வெள்ளத்துட் பட்டது. மனையிழந்து மேட்டிடம் நாடுவாரை நோக்கி, "இவையெல்லாம் பொய்" என்பது ஆறுதலுமன்று, சித்தாந்தமுமன்று. மனையும் மெய், அதனை இழந்தார் துயரும் மெய். அவை ஒருபடித்தாய் நில்லாவென்பதே நம் ஆன்றோர் கூற்று.

நில்லாமை கருதியன்றோ, செல்வம் பெற்றார் நிலைப்பனவற்றை அப்பொழுதே செய்கவென வள்ளுவர் அவ்வதிகாரத்து விரைவித்தார்! பெறுவானும் பொய், கொடுக்கும் பொருளும் பொய்யெனின், கொடைக்கு இடம் யாது? சடையங்குப்பத்திற்கு அண்மையதாகிய திருவொற்றியூரிற் பட்டினத்தடிகளின் சமாதி உள்ளது. செல்வத்தின் நிலையாமையை உணர்ந்த அவர், தம் கருவூலத்தை எளியோர்க்குத் திறந்துவிடுமாறு சேந்தனாரைப் பணித்தாரென்பது மரபு. பொருளைப் பொய்யென்று இகழ்ந்து கைகட்டியிருந்தாரல்லர்.

ஆகவே, நிலையாமை கூறுவார் உலகை இல்லையென்று கைவிடற்க. உள்ளபொழுதே உதவுதலும், என்றும் உள்ளவனாகிய இறைவன் திருவடியைப் பற்றுதலுமே அச்சொல்லின் பயனெனத் தெளிக.