ஆசிரியர் யார்?

கொடைக்கானலிலிருந்து கும்பக்கரைப் பக்கம் இறங்குகிற பழைய நடைபாதையில் இருக்கிறது வெள்ளகவி. ஊருக்குள் செருப்பணியாத ஊர். பழனி மலைச் செடிகொடிகளை ஆராய்கிற பேராசிரியருக்கு இத்தகைய ஊர்க்காரர் ஒருவரின் துணையில்லாமல் காரியம் நடப்பது அரிது. பாதை அவருக்குத் தெரியும். எந்தச் செடி எந்த மாதம் பூக்கும் என்பதும் தெரியும். கட்டுரை அச்சானபின் அவர் பெயர் எங்கே என்பதுதான் என் கேள்வி.

கேள்வி புதிதல்ல. சென்னை பிரஸிடென்ஸி கல்லூரிப் பேராசிரியர் பைசன், நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றி எழுதிய நூல் 1915 முதல் வெளிவந்தது. படங்களில் பலவற்றை வரைந்தவர்கள் அவர் மனைவியும் லேடி போர்னும். நாம் ஆசிரியர் என்று சொல்வது பைசனை மட்டுமே. அந்தப் படங்களை எடுத்துவிட்டால் நூலின் பயனில் பெரும்பகுதி போய்விடும்.

இன்று மருத்துவப் பத்திராதிபர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது: ஆராய்ச்சியில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், முழுவதற்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். நம் சர்வகலாசாலைகளிலோ எழுத்து ஒழுக்கம் என்றால் திருட்டு ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவிகிதம் வரை தண்டனையில்லை. வார்த்தைகளை யந்திரம் எண்ணிவிடும். மலையேறாத துறைத் தலைவரின் பெயர் கட்டுரையில் இருப்பதை அது கண்டுபிடிக்காது.

அதே ஆண்டு அதே குழு செய்த நியமன விதிகளில், இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 சதவிகித மதிப்பெண். தனியாக எழுதினால் 100. சும்மா ஒரு பெயரைச் சேர்த்தால் மொத்தம் 140! எழுதியவருக்கு நஷ்டம் 30, எழுதாதவருக்கு லாபம் 70. மறுக்கவேண்டிய இளைஞனோ அந்தப் பெரியவரின் கையெழுத்துக்காகக் காத்திருப்பவன். எப்படி மறுப்பான்?

வெள்ளகவிக்காரரை ஆசிரியராகப் போடச் சொல்கிறேனா? இல்லை. படித்துப் பார்க்காத ஒன்றுக்கு அவரைப் பொறுப்பாளியாக்குவதும் அநீதிதான். ஆனால் எழுதியதை அவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டலாம். அவர் தந்த செய்தியை, அவர் சம்மதித்தால், அவர் பெயரோடு குறிக்கலாம். ‘உள்ளூர் மக்களுக்கு நன்றி’ என்று ஒரு வரியில் முடிப்பது நன்றியாகாது.

தவறு என்று நாளை ஒருவர் கேட்டால், எழுந்து பதில் சொல்லக்கூடியவரே ஆசிரியர். அது முடியாதவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே அடித்துவிட்டால், சட்டம் செய்யாததைக் கௌரவம் செய்துவிடும்.