வரிசையில் நிற்காத பெயர்கள்

காரைக்காலில் பிறந்த கொள்ளுத்தாத்தாவின் பதிவைத் தேடுகிறவர்கள் ரீயூனியனிலும் குவாடலூப்பிலும் பாரிசிலும் இன்றும் இருக்கிறார்கள். சிலருக்கு அது குடும்பக் கதை, சிலருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமைக்கான ஆதாரம். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு மாறிய ஊர் இது. அதன் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பிரான்சின் ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள தேசியக் கடல்கடந்த ஆவணக் காப்பகம் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. அவை வெறும் படங்கள். யாராவது அந்தக் கையெழுத்தைப் படித்து, வரிக்கு ஒரு பெயர், ஆண்டு, பதிவு எண் என்று சாதாரண உரைக்கோப்பாகத் தட்டச்சு செய்தால்தான் கணினியில் தேட முடியும். அப்படி ஒரு கோப்பை உண்டாக்கி, அகரவரிசையில் அடுக்கி, ‘லுக்’ என்ற கட்டளையால் தேடுவது நல்ல வழியா? நல்ல வழிதான் என்பது என் முடிவு. ஆனால் அது ‘இல்லை’ என்று சொல்லும்போது அப்படியே நம்பிவிடக் கூடாது.

லுக் பழைய கருவி. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது உண்டு. தேடும் சொல்லையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால், அந்தச் சொல்லில் தொடங்கும் வரிகளையெல்லாம் காட்டும். கோப்பை அது முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. நேராக நடுவில் போய் விழும். விழுந்த இடம் ஒரு வரியின் பாதியாக இருக்கும், ஏன், ஒரு எழுத்தின் பாதியாகக்கூட இருக்கலாம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கிறது. அதனால் அங்கிருந்து அடுத்த வரிமுறிவு வரை நகர்ந்து, அதற்குப் பின் வரும் வரியைப் படிக்கும். தமிழ் எழுத்தின் மூன்று பைட்டுகளில் எதுவும் வரிமுறிவுக் குறியோடு ஒத்துப்போகாது என்பதால் இதில் குழப்பம் வராது. படித்த வரி தேடும் சொல்லுக்கு முன்னதா, பின்னதா என்று பார்க்கும். முன்னதென்றால் மேல்பாதியைத் தள்ளிவிட்டுக் கீழ்ப்பாதியின் நடுவுக்குப் போகும், பின்னதென்றால் மேல்பாதிக்கு. மீண்டும் பாதி, மீண்டும் பாதி.

2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்ட மக்கள்தொகை 2,00,222. அத்தனை பேரையும் ஒரே கோப்பில் அடுக்கினாலும் 18 ஒப்பீடுகளில் ஆளைப் பிடித்துவிடலாம். பத்து லட்சம் வரிகளுக்கு 20, நூறு கோடி வரிகளுக்கு 30. தரவுத்தள மென்பொருள் வேண்டாம், சர்வர் வேண்டாம், தனியாக அட்டவணைக் கோப்பும் வேண்டாம். எந்தக் கணினியிலும் திறக்கும் உரைக்கோப்பு ஒன்று போதும். ஐம்பது ஆண்டு கழித்துத் திறக்கிறவரும் அதைப் படிக்க முடியும். ஆவணத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு வேகத்தைவிட இதுவே பெரிய லாபம்.

வேகத்தைப் பற்றி நேராகவே சொல்லிவிடலாம். காரைக்கால் அளவுள்ள கோப்புக்கு லுக்கின் வேகம் தேவையே இல்லை. இரண்டு லட்சம் வரி என்றால் பத்துப் பதினைந்து எம்பி. முதல் வரி தொடங்கிக் கடைசி வரி வரை படிக்கும் ‘கிரெப்’ கட்டளைக்கும் அது கண் இமைக்கும் நேரம். லுக் போன்ற கருவிக்கு உண்மையான வேலை வேறிடத்தில் இருக்கிறது. ‘பவுன்டு பாஸ்வேர்ட்ஸ்’ என்ற பட்டியல் நல்ல உதாரணம். வெளியில் கசிந்த கடவுச்சொற்களின் ஹாஷ் மதிப்புகளை அடுக்கிய தொகுப்பு அது. 2021 இறுதியில் வந்த எட்டாம் பதிப்பில் 84 கோடிக்கும் மேற்பட்ட வரிகள் இருந்தன. அதைக் கிரெப்பால் தேடினால் வட்டு முழுதும் ஓடி முடிக்க நிமிடக்கணக்கில் ஆகும். பாதி பாதியாகத் தேடினால் முப்பது இடங்களைத் தொட்டால் போதும். (மேக் கணினியில் உள்ள லுக், மிகப் பெரிய கோப்பைத் திறக்கவே மறுத்ததும் உண்டு.) இன்னொரு வசதியும் அங்கே இருக்கிறது. ஹாஷ் மதிப்புக்கு எழுத்துமுறை வேறுபாடு கிடையாது. நாற்பது குறிகள், எல்லாருக்கும் ஒரே மாதிரி. மனிதப் பெயருக்கு அந்தச் சுகம் இல்லை.

இந்த முறையின் பெரிய குறை அது பேசாமல் தவறுவது. கோப்பு உண்மையிலேயே வரிசையில் இருக்கிறதா என்று லுக் பார்ப்பதே இல்லை. பார்க்க வேண்டுமானால் முழுக் கோப்பையும் படித்தாக வேண்டும், அப்போது அந்தக் கருவி எதற்கு? இரண்டு கோப்புகளை ஒப்பிடும் ‘காம்’, ‘ஜாயின்’ கட்டளைகளின் குனூ பதிப்புகள் வரிசை கலைந்திருப்பதைக் கண்டால் பெரும்பாலும் எச்சரிக்கும். லுக்கிடமிருந்து அப்படி எதுவும் வராது, வெற்றுத் திரைதான் வரும். அந்த வெற்றுத் திரைக்கு ‘அப்படிப் பெயர் இல்லை’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘வரிசை தவறு, எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை’ என்றும் கொள்ளலாம். இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

தமிழில் எழுதிய பட்டியலில் இது எப்படி நேர்கிறது என்று ஒரு பெயரை வைத்துப் பார்க்கலாம். அம்மாகண்ணு, அமுதா என்று இரண்டு பெயர்கள். நம் அகராதி வரிசையில் மெய் முதலில், உயிர்மெய் பிறகு. ஆகவே அம்மாகண்ணு முன்னால், அமுதா பின்னால். யூனிகோடில் ‘ம்’ தனி எழுத்து அல்ல. ‘ம’ எழுதி அதன்மேல் புள்ளி வைத்ததாகவே சேமிக்கப்படுகிறது. அந்தப் புள்ளியின் எண், உகரக் குறி உள்ளிட்ட எல்லா உயிர்க்குறிகளின் எண்ணையும்விடப் பெரிது. எனவே எண் வரிசையில் அமுதா முன்னால், அம்மாகண்ணு பின்னால். லினக்சில் வழக்கமாகக் கிடைக்கும் லுக் எண் வரிசையையே அறியும். அகராதி வரிசையில் ஒழுங்காக அடுக்கிய கோப்பில் அமுதாவைத் தேடுகிறோம். நடுவில் அம்மாகண்ணு தட்டுப்படுகிறது. இது அமுதாவுக்குப் பின்னது என்று லுக் முடிவு செய்து, இதற்குக் கீழுள்ளதை எல்லாம் தள்ளிவிடுகிறது. அமுதா அங்கேதான் அடுத்த வரியில் இருக்கிறாள். பதில்: இல்லை.

னகரமும் இப்படித்தான். நம் வரிசையில் கடைசி மெய், யூனிகோடில் நகரத்தை ஒட்டியே வந்துவிடுகிறது. ‘கொ’வை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்ற டேஸ்-16 குறியேற்றம் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண்ணை நம் வரிசைப்படியே தந்தது. அது பரவலாகியிருந்தால் இந்தத் தொல்லையில் பாதி இருந்திருக்காது. பரவவில்லை. ஆகவே தேடுவதற்கு ஒரு கோப்பு, அச்சிட்டு மனிதர் படிப்பதற்கு ஒரு கோப்பு என்று பிரித்துவிடுவதே நல்லது. தேடும் கோப்பை, எண் வரிசையைப் பின்பற்றும் ‘எல்சி_ஆல்=சி’ என்ற அமைப்பில் ‘சார்ட்’ கட்டளையால் அடுக்கினால் லுக்கின் கணக்கோடு ஒத்துப்போகும். அச்சுக் கோப்பு அகராதி வரிசையில் இருக்கட்டும். லுக்கின் ‘அகராதி முறை’ என்ற தெரிவை மட்டும் தொட வேண்டாம். பைட்டை எண்ணும் பதிப்புகளில் தமிழ் எழுத்து எதுவும் எழுத்தாகவே அதன் கணக்கில் சேராது.

குறியேற்றச் சிக்கலை ஒழுக்கத்தால் தீர்த்துவிடலாம். பெயர்ச் சிக்கல் அதைவிட ஆழமானது. காரைக்கால் பதிவேடு பிரெஞ்சில் எழுதப்பட்டது, எழுத்தர் காதில் விழுந்தபடி. நம் உகரத்துக்குப் பிரெஞ்சுக்காரர் ‘ஓ’, ‘யு’ என்று இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் போடுவார், ஆங்கிலம் படித்தவர் ‘யு’ மட்டும் போடுவார். அதனால் சுப்பராயன் என்ற பெயர் இரண்டாம் எழுத்திலேயே பிரிந்துவிடுகிறது. அடுக்கிய பட்டியலில் பிரெஞ்சுச் சுப்பராயனுக்கும் ஆங்கிலச் சுப்பராயனுக்கும் நடுவே ஸ்ரீநிவாசன்கள் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். லுக் முன்னெழுத்துகளை மட்டுமே பார்க்கும் என்பதால், தொடக்கத்தில் மாறிய பெயரைச் சேர்த்துப் பிடிக்க அதனால் முடியாது. 1881 செப்டம்பர் 21 ஆணை இதற்கு மேலும் ஒரு படி போனது. தம் சொந்தச் சமயச் சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தெரிந்தெடுத்துப் பதிய வேண்டும் என்றது. அதற்கு முன் ஒரு பெயரில் பிறந்தவர், பிறகு வேறு குடும்பப் பெயரில் இறந்திருப்பார். எந்த வரிசையும் அந்த இருவரையும் ஒருவராக்காது.

இந்தக் கட்டத்தில் பழைய பதிவேட்டு எழுத்தரின் முறையைக் கவனிப்பது நல்லது. 1792இல் பிரான்சில் சிவில் பதிவு தொடங்கியபோதே ஒரு வழக்கம் ஏற்பட்டது. பதிவுகள் நாள் வரிசையில் எழுதப்படும். ஆண்டு முடிவில் அந்த ஆண்டுக்கு மட்டும் அகரவரிசைப் பட்டியல். பத்தாண்டுக்கு ஒருமுறை அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே பட்டியல். அடுக்கிய கோப்பின் இன்னொரு குறைக்கு விடை இதிலேயே இருக்கிறது. புதிய வரியைக் கோப்பின் கடைசியில் சேர்த்தால் வரிசை கெடும், ஒவ்வொரு முறையும் முழுதும் அடுக்கினால் நேரம் போகும். எழுத்தர் செய்ததுபோல, புதிதாகத் தட்டச்சு செய்தவற்றைச் சிறு கோப்பாகத் தனியே வைத்து அடுக்கி, அவ்வப்போது பெரிய கோப்போடு சேர்க்கலாம். ஏற்கெனவே அடுக்கிய இரண்டு கோப்புகளைச் சேர்ப்பதற்கென்றே சார்ட் கட்டளையில் ‘எம்’ என்ற தெரிவு உண்டு. மீண்டும் அடுக்காமல் ஒரே ஓட்டத்தில் சேர்த்துவிடும். இன்று பெரிய தரவுத்தளங்கள் சிலவும் உள்ளே இதையேதான் செய்கின்றன.

பெயர்ச் சிக்கலுக்கும் மருந்து இந்த முறையின் பலத்திலேயே கிடைக்கிறது. கோப்பு இரட்டித்தால் ஒரு ஒப்பீடு கூடும், நான்கு மடங்கானால் இரண்டு. ஆகவே வரிகளில் கஞ்சத்தனம் வேண்டியதில்லை. ஒருவரையே பிரெஞ்சு எழுத்தில் ஒரு வரி, ஆங்கில எழுத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, 1881க்குப் பின் எடுத்த குடும்பப் பெயரில் ஒரு வரி என்று நான்காக எழுதலாம். நான்கும் ஒரே பதிவு எண்ணைச் சுட்டும். லுக்கின் உழைப்பு 18இலிருந்து 20 ஆகும், அவ்வளவுதான். ஊர்ப்பெயரால் தேட வேண்டுமா? நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரி, திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம் என்று ஊரை முன்னால் வைத்து இன்னொரு கோப்பு. ஒரு வரிசை ஒரு கேள்விக்கே விடை சொல்லும், வேறு கேள்விக்கு வேறு வரிசை வேண்டும். இதில் உழைப்பு முழுதும் மனிதருடையது. பதிவேட்டைப் படிக்கத் தெரிந்து, காரைக்கால் பெயர்களின் ஓசை தெரிந்தவர்தான் அந்த நான்கு வரிகளையும் எழுத முடியும்.

தேடுவதற்கு முன் சார்ட் கட்டளையின் ‘சி’ தெரிவால் வரிசை சரியா என்று ஒருமுறை சோதிக்க வேண்டும். லுக் ‘இல்லை’ என்றால் கிரெப்பை எடுத்து, பெயரின் தொடக்கத்தை விட்டு நடுப்பகுதியைத் தேட வேண்டும். சுப்பராயனின் ‘ராய’ப் பகுதிக்கான ‘ஆர்’, ‘ஏ’, ‘ஒய்’ மூன்றும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாறாமல் நிற்கும் எழுத்துகள். அப்போதும் கிடைக்கவில்லையென்றால், ரீயூனியனிலிருந்து கேட்டவருக்கு எழுதும் பதிலில் எந்தெந்த எழுத்துமுறைகளில் தேடினோம், எந்த ஆண்டுப் பதிவேடுகள் இதுவரை தட்டச்சாகியிருக்கின்றன என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அவர் தேடும் ஆண்டு அதில் இல்லையென்றால், கோப்பை விட்டுவிட்டு நேராகப் படங்களுக்கே போய்விடுவார்.