குதிரையின் குலமுறையும் மனிதரின் உழைப்பும்: தொன்மரபணுச் சான்றுகள் குறித்துச் சில குறிப்புகள்

வட கசக்ஸ்தானிலுள்ள போட்டாய்க் குடியிருப்பு 1980 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. கி.மு. 3500 அளவினதான அவ்விடத்தே அகழ்ந்தெடுக்கப்பட்ட விலங்கெலும்புகளுள் மிகப் பெரும்பாலானவை குதிரைகளுடையவை. 2009 இல் அலன் ஊட்ராம் முதலியோர், கடிவாளத் தேய்வு காட்டும் பற்களையும் மட்கலங்களிற் படிந்திருந்த குதிரைப்பாற் கொழுப்பையும் ஆதாரமாகக் கொண்டு, அங்கு குதிரை வளர்க்கப்பட்டதென வாதித்தனர். 2018 இல் வெளியான மரபணு ஆய்வோ, போட்டாய்க் குதிரைகள் பிரஸெவால்ஸ்கிக் குதிரைகளின் மூதாதையர் என்றும், இன்றைய வளர்ப்புக் குதிரைகளுக்கு அவற்றின் பங்கு மிகச் சொற்பமே என்றும் காட்டிற்று. பப்லோ லிப்ராதோவும் லுடோவிக் ஓர்லாண்டோவும் பிறரும் 2021 இல் 273 தொல்குதிரைகளின் மரபணுத்தொகுதிகளை ஆராய்ந்து, இன்றைய குதிரைகளின் பிறப்பிடம் கீழ் வொல்கா–டொன் பிரதேசமென நிறுவினர்.

இம்முடிவுகளின் விஞ்ஞானப் பெறுமதி ஐயத்திற்கிடமற்றது. எனினும், அவற்றை வாசித்தோர் பலர் ஒரு தாவலை நிகழ்த்தினர். போட்டாய்க் குதிரை இன்றைய குதிரையின் முன்னோரன்று. ஆகவே அது வளர்க்கப்பட்டதுமன்று என்பதே அத்தாவல். முன்னையது குலமுறை பற்றிய கூற்று; பின்னையது உழைப்புப் பற்றியது. வளர்ப்பு என்பது மனிதக் குழுவொன்று விலங்கின் உணவையும் இயக்கத்தையும் இனப்பெருக்கத்தையும் தன் உற்பத்தி முறைமைக்குள் கொணர்தலாகும். அவ்விலங்கின் வழித்தோன்றல்கள் பின்னர் அழிந்தொழிவதால் அவ்வுழைப்பு நிகழாததாகி விடாது. எஞ்சிய வம்சத்திலிருந்து பின்னோக்கிச் சென்று வரலாறெழுதுதல் அரசவைச் சரித்திரகாரரின் பழக்கம். ஆய்வுகூடத்திலும் அது தொடர்வது வியப்பளிக்கிறது.

கடிவாளத் தேய்வு இயற்கையாகவும் ஏற்படக்கூடும் என 2021 இல் வில்லியம் ரெய்லர் முதலியோர் எழுப்பிய மறுப்பு வேறு வகையினது. அது பொருட்சான்றைப் பொருட்சான்றாகவே விசாரிக்கின்றது. அதற்குரிய மதிப்பை நாம் வழங்கவேண்டும்.

மரபணுவியலையே முதலாளித்துவ விஞ்ஞானமென ஒதுக்கிய லைசென்கோவின் வழி நமக்கு உவப்பானதன்று. அவ்வழியின் நட்டத்தைச் சோவியத் உயிரியல் நீண்டகாலம் சுமந்தது. மேலும், இங்கு மறுமொழி மரபணுவிலிருந்தே கிடைத்துள்ளது. 475 தொல்குதிரைகளின் மரபணுத்தொகுதிகளைக் கொண்டு 2024 இல் அதே ஆய்வணியினர் வெளியிட்ட கட்டுரை, குதிரைகளின் தலைமுறை இடைவெளியைக் கணித்தது. கி.மு. 2200 அளவில் நெருங்கிய உறவுக் கலப்பும் தலைமுறை இடைவெளிச் சுருக்கமும் புலப்படுகின்றன. மனிதர் இனப்பெருக்கத்தைத் தம் கட்டுப்பாட்டினுட் கொண்டமைக்கு அவை தடயங்கள். போட்டாயிலும் கி.மு. 3500 அளவில் தலைமுறை இடைவெளி குறிப்பிடத்தக்க அளவிற் சுருங்கியிருந்தது. குலமுறை பற்றிய வினாவுக்கு எதிர்மறையாக விடையிறுத்த அதே வகைச் சான்று, உழைப்பைப் பற்றி வினவியபோது வேறு விடை தந்தது. எலும்பிலிருந்து நாம் பெறுவது நாம் கேட்டதன் விடையையே.

இக்கட்டுரை பிறிதொரு பழங்கதையையும் தகர்த்தது. கி.மு. 3000 அளவில் யம்னாயாப் புல்வெளி மக்கள் பெருங்குதிரை மந்தைகளோடு ஐரோப்பாவினுட் பாய்ந்தனர் என்ற சித்திரம், மரீயா கிம்புட்டாஸ் முதலியோரின் எழுத்துகளால் நிலைபெற்றது. மனிதர் பெயர்ந்தமை உண்மை. குதிரை மந்தைகள் அவர்களுடன் பரவியமைக்கு மரபணு சான்று பகரவில்லை. ஆயினும், அம்மக்களுட் சிலரின் எலும்புக்கூடுகளிற் குதிரையேற்றத்தின் அடையாளங்கள் காணப்பட்டதாக 2023 இல் ஓர் ஆய்வு கூறியது. மந்தையின்மையைக் கொண்டு ஏற்றமின்மையை நிறுவ முற்படுவதும் மேற்கூறிய தாவலின் மறுபக்கமே.

ஸெட்.எவ்.பி.எம்.1, ஜி.எஸ்.டி.எம்.சி. என்னும் மரபணுக்கள் முறையே சாந்த சுபாவத்துக்கும் முதுகுவலுவுக்கும் உரியவையாகலாம் என்ற 2021 ஆம் ஆண்டு ஊகம், இதழ்களில் வெகுவிரைவில் ‘வரலாற்றை மாற்றிய மரபணு’ ஆயிற்று. எக்குதிரையை இனம்பெருக்குவது, எதனை விலக்குவது எனத் தெரிந்தெடுத்தோர் அவ்வாக்கியத்தில் இல்லை.

அவர்களைத் தேடுவதற்குத் தென் ஊரல் பகுதியின் சிந்தஷ்தா கல்லறைகளுக்குச் செல்லவேண்டும். கி.மு. 2000 அளவில் ஆரக்காற் சில்லுடைய தேர்கள் அங்கு சிலருடன் மாத்திரமே புதைக்கப்பட்டன. மந்தை யாருக்கு உரியதாயிருந்தது, அதனைப் பேணியோர் யாவர் என்பனவற்றை அக்கல்லறைகளின் ஏற்றத்தாழ்வையும் அக்குடியிருப்புகளின் செப்பு உருக்குத் தொழிலையும் இணைத்தே ஆராய வேண்டியுள்ளது.