சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம்: ஆற்றலும் அறைகூவலும்

முன்னுரை

தமிழ் இலக்கியம் பயில்வோரிடையே ‘கழகப் பதிப்பு’ என்னும் தொடர் விளக்கம் வேண்டாத ஒன்றாகும். அது திருநெல்வேலித் தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தைக் குறிக்கும். 1920-இல் வ. திருவரங்கம் பிள்ளை, அவர்தம் இளவல் வ. சுப்பையா பிள்ளை முதலானோர் முயற்சியால் திருநெல்வேலியில் தோன்றிய இந்நிறுவனம், 2020-இல் நூற்றாண்டு கண்டது. அதன் வலிமை எதில் உள்ளது, அவ்வலிமையே இன்று எவ்வாறு தடையாகிறது என்பனவற்றை இங்கு ஆராய்வோம்.

கழகத்தின் ஆற்றல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதிப்பாசிரியர்கள் மடங்களையும் செல்வர்களையும் சார்ந்தே நூல்களை அச்சேற்ற வேண்டியிருந்தது. கழகமோ பங்குதாரர் முதலீட்டில் இயங்கும் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக அமைந்தது. ஆதலின், ஒரு புரவலரின் விருப்பத்தைச் சாராது, நூல் வாங்குவோரை நம்பி அது திட்டமிட முடிந்தது. 1923-இல் தொடங்கிய ‘செந்தமிழ்ச் செல்வி’ இதழ், அறிஞரையும் வாசகரையும் அதனோடு பிணைத்தது.

இவ்வமைப்பின் சிறந்த விளைவு உரைநூல்களே எனலாம். ந. மு. வேங்கடசாமி நாட்டார் மணிமேகலைக்கு எழுதிவந்த உரை முற்றுப்பெறுமுன் 1944-இல் மறைந்தார். எஞ்சிய பகுதியை ஔவை சு. துரைசாமிப் பிள்ளை நிறைவு செய்ய, நூல் வெளிவந்தது. உரையாசிரியர் ஒருவர் மறைந்தபோதும் பணி நிற்காமல் தொடரச் செய்வது ஒரு நிறுவனத்தாலேயே இயலும். மு. வரதராசனாரின் திருக்குறள் தெளிவுரை (1949), கையடக்கப் பதிப்பாகப் பல இலட்சம் இல்லங்களை அடைந்தது. புலமையும் எளிய விலையும் கைகோத்ததே கழகத்தின் தனிச்சிறப்பாகும்.

எதிர்நோக்கும் அறைகூவல்

எனினும், கழகத்தின் பெருமைக்குரிய உரைகள் பலவும் 1940, 1950-களில் எழுந்தவை. அவற்றை மீண்டும் மீண்டும் அச்சிடுவதோடு பதிப்புப் பணி நிறைவுற்றதாகக் கொள்ளலாமா என்பதே நம் வினா.

ஒரு சான்று காண்போம். ஔவை துரைசாமிப் பிள்ளையின் புறநானூற்றுரை 1947, 1951 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. கல்வெட்டுச் செய்திகளை இலக்கியத்தோடு இணைத்துக் காட்டியமை அவ்வுரையின் தலையாய சிறப்பு. ஆனால், அதியமான் நெடுமான் அஞ்சியைக் குறிக்கும் சம்பைத் தமிழ் பிராமிக் கல்வெட்டு திருக்கோயிலூருக்கு அருகே 1981 அக்டோபரில்தான் கண்டறியப்பட்டது. உரையாசிரியரோ அவ்வாண்டு ஏப்ரலிலேயே மறைந்துவிட்டார். ஆகவே, ஔவையார் அஞ்சியைப் பாடிய பாடல்களுக்கான அவ்வுரையில் இச்செய்தி இடம்பெற வழியில்லை. உரையில் கைவைக்காமலே, பின்னிணைப்பாக இதனைச் சேர்ப்பது பதிப்பகத்தின் கடமையாகும். கல்வெட்டை மதித்த ஓர் உரையாசிரியருக்கு இதனினும் பொருத்தமான சிறப்பு வேறு இல்லை.

வெளியிலிருந்து வரும் நெருக்கடியும் சிறிதன்று. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் 2004-இல் சங்க இலக்கியம் முழுமைக்கும் புதிய உரைத்தொகுதிகளை வெளியிட்டது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் மூலநூல்களை இணையத்தில் விலையின்றி வழங்குகிறது. மறைமலையடிகள் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டமையால் எவரும் அவற்றை அச்சிடலாம். மூலமும் பழைய உரையும் எங்கும் கிடைக்கும் நிலையில், பதிப்பகம் எதை விற்க இயலும்? நம்பகமான பதிப்பை மட்டுமே விற்க இயலும். பாடவேறுபாடு, சொல்லடைவு, முதற்பதிப்பு ஆண்டு, திருத்த வரலாறு ஆகியவற்றைக் கொண்ட பதிப்பே அத்தகையது.

இக்குறை தமிழகத்திற்கு வெளியே பயில்வோரை மிகுதியும் தாக்குகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள மாணவர், ஓலைச்சுவடியையோ பழம்பதிப்புகளையோ எளிதில் ஒப்புநோக்க இயலாதவர். கையில் உள்ள கழகப் பதிப்பே அவருக்கு மூலம். மறுபதிப்பு ஆண்டை உரை எழுந்த ஆண்டாகக் கொண்டால், ஆய்வின் காலவரிசையே பிழைபடும்.

முடிவுரை

கழகம் இல்லையேல், சங்க நூல்கள் பெரும்புலவர் சிலரின் உடைமையாகவே நெடுங்காலம் நின்றிருக்கும். அந்நன்றியை நாம் மறத்தலாகாது. ஆயினும், நூல்களைக் கிடைக்கச் செய்வது முதல் நூற்றாண்டின் பணி. கிடைப்பவற்றைச் செம்மை செய்வது இரண்டாம் நூற்றாண்டின் பணி. பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளோடு இணைந்து, முதலில் புறநானூற்றுரைக்கேனும் ஒரு செம்பதிப்பைக் கழகம் வெளியிடுமாயின், ‘கழகப் பதிப்பு’ என்னும் தொடர் தன் பழைய மதிப்பை இழக்காது.