ஆணி அடிக்கக் கூடாத சுவர்

தை மாதம் சிவகாசியில் சொந்தக்காரர் ஒருவர் புதுவீடு பால் காய்ச்சினார். பந்தி முடிந்ததும் மதினி எங்களை மாடிக்குக் கூட்டிப்போய்ப் படுக்கையறையைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று விரிப்பு. கால்மாட்டில் குறுக்கே சாக்லேட் நிறத்தில் ஒரு பட்டைத் துணி. தலைமாட்டில் பஞ்சு வைத்துத் தைத்த பலகை, மேலே ஃபால்ஸ் சீலிங், அதன் ஓரமெல்லாம் மறைவிளக்கு. குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே சுவருக்குப் பதில் முழுக் கண்ணாடி. “மதுரையில ஒரு கல்யாணத்துக்குப் போயி ஓட்டல்ல தங்குனோம்ல தம்பி, அந்த ரூமை போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து, இதே மாதிரி வேணும்னு இஞ்சினியர்ட்ட காட்டிட்டோம்” என்றார். அச்சு அசலாக அப்படியே இருந்தது. இஞ்சினியர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாராம்: இந்த வீட்டுச் சுவரில் யாரும் ஆணி அடிக்கக் கூடாது.

ஆவணியில் மறுபடி போனேன். கண்ணாடியில் ஒரு பழைய சேலை திரையாகத் தொங்கியது. சேலை மறைக்காத இடமெல்லாம் உப்புத் தண்ணீரின் வெள்ளைத் திட்டுகள். வெள்ளை விரிப்பு பீரோவுக்குள் போய்விட்டது. பட்டைத் துணி மட்டும் வீணாகவில்லை. டிவி மேல் தூசி படியாமல் கிடந்தது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. விருதுநகரோ அருப்புக்கோட்டையோ ராஜபாளையமோ, புதுவீடு கட்டுகிறவர்கள் கையில் இன்று ஏதோவொரு நட்சத்திர ஓட்டலின் படம் இருக்கிறது. அந்தப் படத்தில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் குறை.

ஓட்டலைப் பார்த்து வீடு கட்டுவது புதுப் பழக்கமாகத் தெரியலாம். உண்மையில் நல்ல ஓட்டல்கள் பல, வீட்டைப் பார்த்துக் கட்டியவை. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் எனா டி சில்வாவுக்காக, நடுவே முற்றம் விட்டு ஒரு வீட்டைக் கட்டினார். பிறகு பெந்தோட்டை கடற்கரை ஓட்டலைக் கட்டியபோதும் முற்றத்தையும் தாழ்வாரத்தையும் விடவில்லை. அவர் கைவண்ணம் நமக்கும் தூரமில்லை. மதுரை கோச்சடையில் மதுரா கோட்ஸ் நிர்வாகிகளுக்காக 1970களில் அவர் வடிவமைத்த கிளப்தான் இன்று ஓட்டலாக நடக்கிறது. விருதுநகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம். செட்டிநாட்டுப் பக்கம் போனால் வீடே ஓட்டலாகியிருக்கிறது. கானாடுகாத்தானில் ஒரு தகப்பனார் தன் மகளுக்காகக் கட்டிய வீடு இன்று ‘விசாலம்’ என்ற பெயரில் விருந்தினரை வரவேற்கிறது. காரைக்குடி ‘பங்களா’ 1999 முதல் தங்கும் விடுதி. அங்கே தங்கிவிட்டு வரும் நம் ஊர்க்காரர்கள் ஆத்தங்குடிக் கல்லும் தேக்குத் தூணும் வேண்டுமென்று கேட்கிறார்கள். தூணை வாங்கக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறார்கள். அது யாரோ இடித்த வீட்டிலிருந்து வந்த தூண். காற்று வரட்டும் என்று தாத்தா விட்டுவைத்த முற்றத்தை அப்பா காங்கிரீட் போட்டு மூடினார். அதையே பேரன் ராத்திரி வாடகை கொடுத்துப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் ஒன்று வேண்டும் என்கிறான். சுற்றி வளைத்தாவது வந்து சேர்கிறானே என்ற அளவில் ஓட்டலுக்கு நன்றி சொல்லலாம்.

நன்றி சொல்ல வேறு காரணங்களும் உண்டு. முதலாவது வெளிச்சம். நம் வீடுகளில் அறைக்கு ஒரு டியூப்லைட். அது எரிந்தால் அறை முழுக்கப் பகல், அணைந்தால் முழுக்க இருட்டு. பல்பு அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 6,500 கெல்வின் என்றிருக்கும். நீலம் பாய்ந்த வெள்ளை. ஓட்டல் படுக்கையறை 3,000 கெல்வினை ஒட்டிய மஞ்சள் வெளிச்சத்தில், நாலு இடத்தில் நாலு சின்ன விளக்காகப் பிரிந்து கிடக்கும். படிக்கிறவருக்குத் தனி, நடுராத்திரி எழுகிறவருக்குத் தனி. இதற்கு ஆகும் கூடுதல் செலவு அதிகமில்லை. இரண்டாவது, கதவருகே போட்ட விளக்கைக் கட்டிலில் இருந்தபடியே அணைக்கும் டூ-வே சுவிட்ச். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அது அலங்காரமே அல்ல, அவசியம். மூன்றாவது, குளிக்கும் இடத்தையும் கழிப்பிடத்தையும் பிரித்து, ஒரு பகுதியை எப்போதும் ஈரமில்லாமல் வைப்பது. வயதானவர்கள் வழுக்கி விழும் இடம் குளியலறை. அரையாள் உயரச் சுவரும் சரியான வாட்டமும் இருந்தால் போதும், கண்ணாடியே தேவையில்லை. நாலாவது, இடத்தை இடமாக விட்டுவைக்கும் துணிச்சல். சீர்வரிசையில் வந்த அண்டாவும், உடைந்த மின்விசிறியும், யாரும் திறக்காத அட்டைப்பெட்டிகளும் கட்டிலுக்கு அடியில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தப் பாடம் தேவைதான்.

தவறு எங்கே தொடங்குகிறது? ஓட்டலில் ஒவ்வொரு பொருளும் ஏதோவொரு சிக்கலைத் தீர்க்க வந்தது. சிக்கலை விட்டுவிட்டுத் தீர்வை மட்டும் தூக்கி வருகிறோம். அறைகளை வரிசையாக அடுக்கும் ஓட்டலில் குளியலறை நடைபாதையை ஒட்டி உள்ளே போய்விடும். அதற்கு ஜன்னல் கிடையாது. பகல் வெளிச்சம் அங்கே எட்டட்டும் என்றுதான் நடுவே கண்ணாடி வைத்தார்கள். மதினி வீட்டுக் குளியலறையில் தெருவைப் பார்த்து நல்ல ஜன்னலே இருக்கிறது. கால்மாட்டுப் பட்டைத் துணி, செருப்புக் காலோடு சாய்கிறவருக்கும் பெட்டியைக் கட்டிலில் வைக்கிறவருக்கும் போட்டது. வாசலிலேயே செருப்பைக் கழற்றும் வீட்டில் அது எதைக் காக்கும்? ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓட்டல்காரன் ஏசி குழாயையும் தீயணைப்புத் தண்ணீர்க் குழாயையும் ஒளிக்கிறான். நம் வீட்டில் ஒளிக்க ஒன்றுமில்லை. இடையில் நிற்கும் காற்று மொட்டைமாடிச் சூட்டைக் கொஞ்சம் தடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஈடாக ஃபேன் இறங்கி வருகிறது. மேலே ஒழுகினால் ஜிப்சம் பலகை ஊறித் தொங்கும்வரை தெரிவதில்லை. கரிசல் காட்டு வெயிலுக்கு எதிரெதிர் ஜன்னலும் மேற்குச் சுவருக்கு நிழலும் செய்வதை எந்த சீலிங்கும் செய்யாது.

இவ்வளவும் நுட்பக் கணக்கு. பெரிய கணக்கு வேறு. அந்த வெள்ளை விரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் அமெரிக்காவின் வெஸ்டின் ஓட்டல்கள் முழு வெள்ளைப் படுக்கையைப் பெரிதாக விளம்பரம் செய்த பிறகு அது உலகெங்கும் பரவியது. அழுக்கு உடனே தெரியும், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு பிளீச்சில் வெளுக்கலாம். ஓட்டலுக்கு அதில் வசதி. ஒரு கட்டிலுக்கு மூன்று செட் வைத்திருப்பார்கள்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். இங்கே பட்டாசு ஆலையில் மருந்து அள்ளிவிட்டு வருகிறவரின் விரலிடுக்கில் படிந்த அலுமினியப் பொடி ஒரு சோப்பில் போகாது. அச்சகத்திலிருந்து வருகிறவரின் நகக்கண்ணில் மை. ஆலை முதலாளி வீடானாலும் குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணித்தான் துணி ஊறப்போட வேண்டும். கண்ணாடியை ஓட்டல் ஊழியர் தினமும் ரப்பர் பட்டையால் வழித்துத் துடைக்கிறார். போர் தண்ணீர் காய்ந்து ஒருமுறை உப்புக்கறை பிடித்துவிட்டால், வீட்டில் எலுமிச்சம்பழத் தோலோடு போராடுவது மதினிதான்.

மதினி ஏன் அந்த அறையைப் போட்டோ எடுத்தார் என்று பிறகு யோசித்தேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில், படுத்து எழுந்த விரிப்பை அவர் மடிக்காத காலை அது ஒன்றாகத்தான் இருக்கும். காப்பி போடவில்லை, பெருக்கவில்லை, பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைக்கவில்லை. அவருக்குப் பிடித்தது அந்த ஓய்வு. போட்டோவில் விழுந்ததோ கட்டிலும் கண்ணாடியும். ஓட்டல் அறையின் அழகில் சரிபாதி ஹவுஸ்கீப்பிங் ஆட்களின் உழைப்பு; அது படத்தில் வராது. அழகை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால், அந்த உழைப்பு முழுக்க, ஓய்வு கேட்டவர் தலையிலேயே விழுகிறது. இந்த மோகத்தின் ஆகப் பெரிய குற்றமாக நான் நினைப்பது இதைத்தான்.

இத்தனைக்கும், அறை என்றால் என்ன என்று நம் வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலை அறையைப் பாருங்கள். உள்ளே என்ன வேலை நடக்கும், எத்தனை பேர் இருப்பார்கள், எவ்வளவு மருந்து இருக்கும் என்று முடிவான பிறகுதான் அறையே வரும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட வேண்டும். ஓடுகிற வழியில் எதுவும் இருக்கக் கூடாது. அந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. வேலையிலிருந்து அறைக்கு வருவது அங்கே கட்டாயம். வீட்டில் மட்டும் ஏன் படத்திலிருந்து அறைக்கு வருகிறோம்?

இந்த அளவுகோலை வைத்தால் சரியான இரவல் எது என்று தெரிந்துவிடும். ஆத்தங்குடிக் கல்லையே பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள், சூளை கிடையாது. வெறுங்கால் நடமாட்டத்திலேயே மெருகேறும். அதனால் கூடத்துக்கு அருமையான தரை. சமையலறையில் போட்டால் சிந்துகிற புளியும் எலுமிச்சையும் சிமெண்டை அரித்துக் கறையாக்கும். ஒரே கல், ஓர் அறையில் சரி, அடுத்த அறையில் தப்பு. ஓட்டலில் சமையலறைத் தரையை நமக்குக் காட்டுவதில்லை.

கடைசியாக அந்த ஆணி விஷயம். இந்தியா முழுக்கச் சுவரில் தொங்கும் காலண்டர்களை அச்சடித்து அனுப்பும் ஊர் சிவகாசி. அந்த ஊரின் புதுவீட்டில் தினசரி காலண்டருக்குச் சுவரில்லை. ஓட்டல் அறையில் அது தேவைப்படாதது நியாயம்தான். காலையில் கிளம்புகிறவருக்கு அமாவாசை எதற்கு? மதினிக்குத் தேவைப்பட்டது. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, பால் வராத நாள், சீட்டுப் பணம் கட்டிய நாள் எல்லாம் எழுத அவருக்கு அதுதான் கணக்குப் புத்தகம். தையில் அதைச் சமையலறைக் கதவுத் தாழ்ப்பாளில் சணலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கதவைச் சாத்தும்போதெல்லாம் கீழே விழுந்ததாம்.

ஆவணியில் பார்த்தபோது, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், பட்டி பார்த்து வழவழவென்று பெயின்ட் அடித்த சுவரில், கொஞ்சம் கோணலாக ஒரு மூன்று அங்குல ஆணி. “இஞ்சினியர் வந்தா என்ன சொல்வாரு மதினி?” என்று கேட்டேன். “அவரா தம்பி இங்க குடியிருக்காரு?” என்றபடி அன்றைய தாளைக் கிழித்தார்.