பெகு கிளப்பும் பர்மா தேக்கும்

நியூயார்க் ஹூஸ்டன் தெருவில் 2005-ல் ஆட்ரி சாண்டர்ஸ் தொடங்கிய 'பெகு கிளப்' காக்டெயில் உலகில் பெரிய பெயர். 2020 கொரோனாவில் மூடிவிட்டார்கள். வோட்கா மோகத்துக்கு நடுவே ஜின்னுக்கு மறுபடி மரியாதை வாங்கித்தந்த பார். அந்தப் பாராட்டு நியாயம்தான். என் விமர்சனம் பெயரைப் பற்றி.

அசல் பெகு கிளப் ரங்கூனில், 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் துரைமார்களுக்காக ஏற்பட்டது. அதன் பானம்: ஜின், ஆரஞ்சு குராசாவ், எலுமிச்சை, பிட்டர்ஸ். 1930-ல் வந்த சவாய் காக்டெயில் புத்தகத்திலும் இருக்கிறது. பர்மியரும் இந்தியரும் அங்கே உறுப்பினராக முடியாது. கீழ்பர்மா நெல் சாகுபடிக்குக் கடன் கொடுத்த எங்க ஊர்ச் செட்டியார்களும் வெளியேதான்.

"அய்யோ பாவம் நம்மாளுங்க" என்று முடித்தால் பாதிக் கதை. 1930களின் மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை. 1938 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 25 சதவீத நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. அவர்களுக்கு வேண்டியது வட்டிதான், நிலம் இல்லை. ஆனால் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அதில் என்ன வித்தியாசம்?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் சில வீடுகள் இப்போ ஹெரிடேஜ் ஹோட்டல்கள். பர்மா தேக்குத் தூணைப் பெருமையாகக் காட்டுகிறோம். பணம் வந்த வழி பெரும்பாலும் 'கடல் கடந்த வணிகம்' என்பதோடு நின்றுவிடுகிறது. நியூயார்க் பாரிடம் நான் கேட்கும் கேள்வி இங்கேயும் பொருந்தும். தூண் பக்கத்தில் அந்த 25 சதவீதக் கணக்கையும் ஒரு பலகையில் எழுதி வைக்கலாமே. வீட்டின் அழகு ஒண்ணும் குறைஞ்சிடாது.