லோட்டஸ் கார்ல்டன்: தப்பான எண்ணைப் பிடித்துக்கொண்ட விவாதம்

லோட்டஸ் கார்ல்டன் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு திருட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1993 இறுதியில் இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் இந்த காரில் ஒன்றைத் திருடிய கும்பல், ராத்திரியில் கடைகளை உடைத்து சாராயமும் சிகரெட்டும் அள்ளிக்கொண்டு போனது. போலீஸால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. கதை சுவாரசியமானதுதான். ஆனால் அதிலிருந்து போலீஸ் வண்டிகள் மெதுவானவை என்பது தெரியுமே தவிர, இந்த கார் நல்லதா கெட்டதா என்பது தெரியாது. முப்பது வருஷமாக ஒரு காரின் பெருமையைத் திருடர்களிடம் ஒப்படைத்து வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, காருக்கு வருவோம். ஜெனரல் மோட்டார்ஸ் 1986இல் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அதன் ஜெர்மன் கிளையான ஓப்பெலின் ஒமேகா, பிரிட்டனில் வாக்ஸால் கார்ல்டன் என்ற பெயரில் விற்றது. குடும்பஸ்தர்களும் கம்பெனி மேனேஜர்களும் ஓட்டுகிற சாதாரண நாலு கதவு கார். ஜெர்மனியில் தயாரான கார்களை நார்ஃபோக்கில் உள்ள ஹெத்தெலுக்குக் கொண்டுவந்து, லோட்டஸ் ஆட்கள் பிரித்து மறுபடி கட்டினார்கள். 1990 முதல் 1992 வரை நடந்த வேலை. 1,100 செய்வதாகத் திட்டம், 950தான் ஆனது.

எஞ்சினில் செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். ஆறு சிலிண்டரின் விட்டம் 95 மி.மீ., அதை அப்படியே விட்டுவிட்டார்கள். பிஸ்டனின் ஓட்டத்தை மட்டும் 69.8இலிருந்து 85 மி.மீ. ஆக்கினார்கள். 2,969 சிசி 3,615 சிசி ஆனது. அதோடு இரண்டு டர்போ. கிடைத்தது 377 குதிரைத்திறன், 568 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. அதே காலத்து பி.எம்.டபிள்யூ எம்5இன் 3.6 லிட்டர் எஞ்சின் தந்த திருப்புவிசை 360தான். கியர்பாக்ஸ் கொர்வெட் இசட்ஆர்-1இல் இருந்த ஆறு கியர் பெட்டி. அதிகபட்ச வேகம் மணிக்குச் சுமார் 283 கி.மீ.

இந்தக் கடைசி எண்தான் வம்பை இழுத்தது. டெய்லி மெயில் பத்திரிகை இதைத் தடை செய்யச் சொல்லிப் பிரச்சாரமே நடத்தியது. சாலையில் சட்டப்படி 112 கி.மீ.தான் போகலாம், அப்புறம் எதற்கு இப்படி ஒரு கார் என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் கூடவே சொன்ன தீர்வு என்ன? ஜெர்மன் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதுபோல 250இல் நிறுத்திவிட வேண்டும் என்பது. 250 என்பதும் பிரிட்டிஷ் வரம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேலே! அந்த நாட்டுச் சாலையில் 250க்கும் 283க்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்று. ஏறக்குறைய இதே வேகம் போகிற ஃபெராரி டெஸ்டரோஸா அப்போதே சாலையில் இருந்தது. அதற்கு இந்த அளவுக்குக் கூச்சல் எழவில்லை. என் கணிப்பு இதுதான்: வேகத்தைவிட அந்த வேகம் எந்த உடம்புக்குள் உட்கார்ந்திருந்தது என்பதே ஆட்களை உறுத்தியது. பணக்காரனின் சிவப்பு ஃபெராரி ஒரு காட்சிப்பொருள். மேனேஜர் கார் அந்த வேகத்தில் போனால் அது ஒழுங்கீனம். இத்தனைக்கும் இதன் விலை 48,000 பவுண்டு. சாதாரண மேனேஜர் இதை வாங்கியிருக்கவே முடியாது.

ரசிகர்கள் கொடுத்த பதிலும் சரியில்லை. "ஓட்டத் தெரிந்தவனுக்கு ஆபத்தில்லை" என்றார்கள். இங்கேதான் நான் முரண்படுகிறேன். இந்த காரின் உண்மையான பிரச்சினை 283 அல்ல, அது யாரும் தினமும் தொடாத எண். பிரச்சினை 80க்கும் 160க்கும் நடுவில் இருக்கிறது. அவ்வளவு திருப்புவிசை இருந்தால் கியரை மாற்றாமலே, எஞ்சின் கத்தாமலே வேகம் ஏறிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நாலு மடங்கு. ஃபெராரி சத்தம் போட்டு, முதுகை உலுக்கி, "பார்த்து ஓட்டு" என்று சொல்லிவிடும். கார்ல்டன் சொல்லாது. ஏ.பி.எஸ். உண்டு, முன்னால் 330 மி.மீ. பிரேக் தட்டும் உண்டு. பின் சக்கரங்கள் சுழன்று வழுக்குவதைத் தடுக்கிற மின்னணு ஏற்பாடு கிடையாது. ஈரச் சாலையில் வலது கால்தான் எல்லாம்.

ஆக, நான் புகழ்வதும் குறை சொல்வதும் ஒரே குணத்தைத்தான். கறுப்பென்று நினைக்க வைக்கிற அடர்பச்சை, அகலப்படுத்திய சக்கர வளைவு, பின்னால் ஒரு இறக்கை, அவ்வளவுதான் வெளியே. இவ்வளவு சக்தியை இவ்வளவு அமைதியாக ஒரு குடும்பக் காருக்குள் அடக்கியது பெரிய பொறியியல் வேலை, சந்தேகமே இல்லை. அந்த அமைதி ஓட்டுகிறவனையும் ஏமாற்றும் என்பதை அப்போது இரண்டு தரப்பும் பேசவில்லை. இன்றைக்கு சத்தமே இல்லாமல் மூன்று நான்கு வினாடியில் நூறைத் தொடுகிற மின்சார குடும்பக் கார்கள் வந்துவிட்டன. அங்கேயும் நாம் அதிகபட்ச வேகத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்க வேண்டியது வேறு: எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பது ஓட்டுகிறவருக்கு உறைக்கிறதா, இல்லையா?